நெல்லாலையை விரிவாக்குமுன் பார்க்கவேண்டிய கணக்கு

வன்னிப் பெருநிலத்தில் இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் முதலிய குளங்களின் கீழ் விளையும் நெல்லிற் பெரும்பங்கு நெல்லாகவே பிற மாவட்டங்களுக்குச் செல்கின்றது. பெரும்போக அறுவடைக் காலமாகிய மாசி, பங்குனி மாதங்களில், வயலோரத்திலே நின்று நெல்லை ஏற்றிச்செல்லும் லொறிகளை எவரும் காணலாம். அந்நெல் பொலனறுவையிலும் பிற இடங்களிலும் உள்ள ஆலைகளில் அவிக்கப்பட்டுக் குற்றப்படுகின்றது. அதன் ஒரு பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அரிசிப் பொதிகளாகத் திரும்பிவந்து, விளைவித்தவரின் ஊர்க் கடையிலேயே விற்கப்படுகின்றது. நெல்லின் விலைக்கும் அரிசியின் விலைக்கும் இடையேயுள்ள வேறுபாடும், தவிடும், உமியும், ஆலையில் வேலை செய்வோர் பெறும் கூலியும் ஊரைவிட்டுச் சென்றுவிடுகின்றன.

இந்நிலையை மாற்றும் பொருட்டுக் கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் பகுதியிலேயே ஆலை அமைக்கவும், ஏற்கனவே உள்ள சிறிய ஆலையைப் பெரிதாக்கவும் விரும்புகின்றன. விருப்பம் நியாயமானதே. ஆயின், ஆலை பெரிதானால் இலாபமும் பெரிதாகும் என்று எண்ணுவது தவறு. விரிவாக்கம் பயன் தருமா என்பதைத் தீர்மானிப்பது பொறியின் பருமன் அன்று. உலர்ந்த நெல்லை எத்தனை மாதங்களுக்குக் கையில் வைத்திருக்க முடியும் என்பதும், ஒரு தொன் நெல்லிலிருந்து எத்தனை கிலோ முழு அரிசி பெறமுடியும் என்பதுமே அதனைத் தீர்மானிக்கின்றன. நெல்லின்றி நிற்கும் பெரிய ஆலை, அங்கத்தவர்களின் பங்குப் பணத்தை விழுங்கிவிட்டு அவர்களை மீண்டும் லொறிக்காரரிடமே அனுப்பிவிடும். ஆகையால், கடன் விண்ணப்பத்திற் கையொப்பம் இடுமுன் கணக்கொன்று பார்த்தல் இன்றியமையாதது.

முன்னைய முறையும் இன்றைய முறையும்

1948 ஆம் ஆண்டில் உத்தரவாத விலைத் திட்டம் நடைமுறைக்கு வந்தபொழுது, கமக்காரர் தம் நெல்லைச் சங்கத்தின் மூலம் அரசாங்கக் களஞ்சியத்தில் ஒப்படைத்தனர். 1957 ஆம் ஆண்டு முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தினால் நெற் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. இம்முறைகளிலே சங்கத்தின் வேலை பெரும்பாலும் நெல்லைச் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தது. வாங்குவதற்கு வேண்டிய பணம், சேமித்து வைத்தல், அரிசியை விற்றல் ஆகிய மூன்று பாரங்களையும் பெரும்பாலும் அரசாங்கமே சுமந்தது.

1977 ஆம் ஆண்டிற்குப் பின்னர் வந்த பொருளாதார மாற்றங்களோடு அரசாங்கத்தின் பங்கு குறைந்து, தனியார் ஆலைகளின் பங்கு வளர்ந்தது. வடபகுதியிலே நீண்ட போரினால் பல ஆலைகளும் களஞ்சியங்களும் அழிந்தன. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் வயல்கள் மீண்டும் விளைந்தன. எனினும், பதனிடும் வசதி விளைச்சலின் வேகத்தில் வளரவில்லை. அரசாங்கம் இன்றும் நெல்லுக்கு விலை அறிவித்து ஓரளவு கொள்வனவு செய்கின்றது. 2025 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நாட்டு நெல் கிலோவொன்றுக்கு 120 ரூபா என அறிவிக்கப்பட்டது. ஆயினும், தானே நெல் வாங்கி அரிசியாக்கி விற்க முற்படும் சங்கம் மேற்கூறிய மூன்று பாரங்களையும் தானே சுமக்க வேண்டும். பொறியின் விலையை மாத்திரம் கணக்கிடும் சங்கங்கள் இவ்விடத்திலேயே தவறிவிடுகின்றன.

ஒரு தொன் நெல்லில் உள்ளது யாது

நன்கு தூற்றி உலர்த்திய 1,000 கிலோ நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமியாகும். தவிடு 80 முதல் 100 கிலோ வரை இருக்கும். எஞ்சிய 700 கிலோவே அரிசி. இஃது எந்தப் பொறியும் தாண்டமுடியாத எல்லை. நல்ல ஆலை இவ்வெல்லையை நெருங்கும். பழுதான ஆலை வெகுதூரம் பின்னிற்கும்.

கிராமங்களில் உள்ள பழைய உருக்கு உருளைப் பொறி உமியையும் தவிட்டையும் ஒரே முறையில் உராய்ந்து நீக்குகின்றது. அதனால் அரிசி மிகுதியாக உடைகின்றது. உமியும் தவிடும் குறுணலும் ஒன்றாய்க் கலந்து வெளிவருகின்றன. இப்பொறியில் நூற்றுக்கு 60 பங்கு அரிசி பெறுவதும் சிலவேளைகளில் அரிதாகும். றப்பர் உருளைப் பொறியோ முதலில் உமியை மட்டும் நீக்கி, நெற்பிரி கருவியினால் உமி நீங்காத நெல்லைத் திருப்பியனுப்பி, அதன் பின்னரே அரிசியைத் தீட்டுகின்றது. ஒழுங்காகப் பராமரித்தால் இம்முறையில் 66 பங்கும் அதற்கு மேலும் பெறலாம். தவிடும் தூய்மையாகக் கிடைக்கும்.

இவ்வேறுபாட்டைப் புசல் கணக்கில் நோக்குக. ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அஃதாவது ஏறக்குறைய 21 கிலோ. நூறு புசல் நெல்லில் நூற்றுக்கு ஐந்து பங்கு அரிசி குறையுமாயின் 104 கிலோ அரிசி இழக்கப்படுகின்றது. இலங்கையில் ஒருவர் ஓராண்டில் உண்ணும் அரிசிக்கு இஃது ஏறத்தாழச் சமன். நூறு புசலுக்கு ஒருவரின் ஆண்டுணவு உமிக் குவியலோடு போய்விடுகின்றது என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஈரமே முதற் பகை

கையால் அறுத்துச் சூடு வைத்து மிதித்த காலத்தில், நெல் களத்துக்கு வருமுன்னரே ஓரளவு உலர்ந்துவிடும். இன்று அறுவடை இயந்திரம் அறுத்தலையும் அடித்தலையும் ஒருங்கே செய்து, ஈரநெல்லை நேரே சாக்கில் நிரப்புகின்றது. அந்நெல்லின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேற்படுவதும் உண்டு. வாடைக் காற்றுக் கால மழை தை மாதத்திலும் நீடிக்கும் ஆண்டுகளில் நிலைமை மேலும் கேடாகும். உலர்த்துவதற்குக் களமில்லாத கமக்காரர் தார்த் தெருவிற் பரப்புகின்றனர். அல்லது வந்த விலைக்கு அன்றே விற்றுவிடுகின்றனர். தெருவிற் பரப்பிய நெல்லோடு கல்லும் மண்ணும் சேரும். வாகனச் சில்லின் கீழ் மணிகள் நொறுங்கும்.

நெல்லைச் சேமிப்பதற்கும் பச்சையரிசியாகக் குற்றுவதற்கும் ஈரம் நூற்றுக்கு 14 பங்காக இருத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டால் சாக்கினுள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். மிகக் குறைந்தால், அல்லது கடும் வெயிலில் விரைந்து உலர்த்தி இரவிற் பனியில் விட்டால், மணியில் வெடிப்புண்டாகும். வெடித்த மணி ஆலையில் உடையும். ஆகையால் நெல்லை 3 சென்ரிமீற்றர் தடிப்பிற் பரப்பி, அடிக்கடி கிளறி, மாலையில் குவித்து மூடுதல் வேண்டும். இவ்வாறு பரப்புவதற்கு ஒரு தொன் நெல்லுக்கு ஏறக்குறைய 60 சதுர மீற்றர் சீமெந்துக் களம் தேவைப்படும்.

ஈரத்தின் விலையையும் அறிதல் வேண்டும். 14 பங்கு ஈரமுள்ள 1,000 கிலோ நெல் கிடைப்பதற்கு, 17 பங்கு ஈரமுள்ள நெல்லாயின் 1,036 கிலோ வாங்க வேண்டும். மேலதிகமான 36 கிலோவும் நீரே. கிலோ 120 ரூபாவாயின், தொன்னுக்கு 4,320 ரூபாவைச் சங்கம் நீருக்குச் செலுத்துகின்றது. ஈரமானியொன்றின் விலை சில தொன் நெல்லிலேயே மீண்டுவிடும். கொள்வனவு நிலையத்தில் அதனைப் பயன்படுத்தி, ஈரத்திற்கேற்ப விலை கொடுக்கும் சங்கம் தன்னையும் காத்துக்கொள்கின்றது. நன்கு உலர்த்திக் கொணரும் கமக்காரருக்கும் நீதி செய்கின்றது.

அவித்தலினால் வரும் நன்மை

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் மக்கள் புழுங்கலரிசியையே பெரிதும் விரும்புகின்றனர். அவித்தலினால் அரிசி மணியின் வெடிப்புகள் இறுகி மூடப்படுகின்றன. குற்றும்பொழுது உடைவு குறைகின்றது. தவிட்டில் உள்ள பீ1 உயிர்ச்சத்தில் ஒரு பங்கு மணியின் உட்புறத்திற்குச் செல்வதால், தீட்டிய பின்னரும் அரிசியில் அது தங்குகின்றது. ஆகவே அவித்தல் உணவு வகையிலும் வருமான வகையிலும் நன்மையுடையது.

ஆயினும், குளிர்நீரில் இரண்டு நாள் ஊறவைக்கும் பழைய முறையினால் அரிசியிற் புளித்த நாற்றம் உண்டாகின்றது. பட்டினக் கடைகளில் அதற்கு விலை குறைவு. ஏறக்குறைய 70 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரிற் சில மணி நேரம் ஊறவைத்து, பின்னர் நீராவியில் அவித்தல் சிறந்தது. அவித்த நெல்லை ஒரே மூச்சில் உலர்த்தலாகாது. ஈரம் 18 அல்லது 20 பங்காகக் குறைந்ததும் சில மணி நேரம் குவித்து ஆறவிட்டு, அதன் பின் 14 பங்குக்குக் கொண்டுவருதல் வேண்டும். இவ்வோய்வு கிடைக்காத நெல் ஆலையில் நொறுங்கும்.

அவித்தலுக்கு நீர் மிகுதியாக வேண்டும். ஒரு தொன் நெல்லை ஊறவைக்க 1,000 இலீற்றருக்கு மேற்பட்ட நீர் செலவாகும். ஊறவைத்து வடித்த நீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடுதல் கூடாது. அது நாற்றமெடுத்து நீரைக் கெடுக்கும். கோடையிற் கிணறு வற்றும் இடத்தில் ஆலையைப் பெரிதாக்க எண்ணுவோர், நீரின் அளவையும் கழிவுநீர்க் குழியின் இடத்தையும் முதலில் நிச்சயித்தல் வேண்டும்.

ஒரு தொன்னின் வரவு செலவு

சங்கமொன்று மணிக்கு ஒரு தொன் நெல் குற்றும் றப்பர் உருளை ஆலையை நடத்துவதாகக் கொள்வோம். கீழ்வரும் விலைகளும் செலவுகளும் கணக்கின் முறையை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை. ஒவ்வொரு சங்கமும் இவற்றை நீக்கித் தன் பகுதியின் அன்றைய விலைகளை எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

வரவு (1,000 கிலோ நெல்லுக்கு):
முழு அரிசி 620 கிலோ, கிலோ 215 ரூபா வீதம் — 133,300 ரூபா
குறுணல் 40 கிலோ, கிலோ 110 ரூபா வீதம் — 4,400 ரூபா
தவிடு 80 கிலோ, கிலோ 60 ரூபா வீதம் — 4,800 ரூபா
மொத்த வரவு — 142,500 ரூபா

செலவு (1,000 கிலோ நெல்லுக்கு):
நெல்லின் விலை — 120,000 ரூபா
அவித்தல், உலர்த்தற் கூலி — 3,400 ரூபா
மின்சாரம், பழுதுபார்த்தல் — 2,700 ரூபா
சாக்கு, ஏற்றியிறக்கல், போக்குவரத்து — 2,800 ரூபா
நெல் வாங்கிய பணத்துக்கு வட்டி — 3,600 ரூபா
மொத்தச் செலவு — 132,500 ரூபா

மிச்சம் — 10,000 ரூபா

இம்மிச்சம் இலாபம் அன்று. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலுத்தவேண்டிய செலவுகள் உண்டு. முகாமையாளர், பொறி இயக்குநர், காவலாளி ஆகியோரின் சம்பளம், கட்டடத்துக்கும் பொறிக்கும் பெற்ற கடனின் வட்டி, தேய்மானம், காப்புறுதி என்பன அவை. ஆண்டுக்கு இவை 120 இலட்சம் ரூபாவாகும் எனக் கொண்டால், அதனை 10,000 ஆற் பிரிக்க 1,200 வரும். அஃதாவது, ஆண்டொன்றுக்கு 1,200 தொன் நெல் குற்றினாலன்றிச் சங்கம் நட்டத்திலிருந்து தப்பாது. 1,200 ஐத் தாண்டிய ஒவ்வொரு தொன்னிலும் வரும் 10,000 ரூபாவே உண்மையான இலாபம்.

இனி, சிறு குறைபாடு செய்யும் கேட்டை நோக்குக. பொறியின் உருளை தேய்ந்து, முழு அரிசியின் அளவு நூற்றுக்கு 62 பங்கிலிருந்து 59 ஆகக் குறைந்து, அந்த 30 கிலோ அரிசி உமியோடு போய்விட்டதெனின், தொன்னுக்கு 6,450 ரூபா இழப்பு. மிச்சம் 3,550 ரூபாவாகச் சுருங்கும். நட்டமின்றி நிற்பதற்கு அப்பொழுது 1,200 தொன் போதாது. 3,380 தொன் வேண்டும். உருளை செம்மையாயிருந்தும், 17 பங்கு ஈரமுள்ள நெல்லை உலர்ந்த நெல்லின் விலைக்கு வாங்கினால், மிச்சம் 5,680 ரூபாவாகி, 2,100 தொன்னுக்கு மேல் குற்றவேண்டிவரும். உருளை மாற்றுவதிலும் ஈரம் பார்ப்பதிலும் காட்டும் கவனம், ஆலையை இருமடங்காக்குவதற்குச் சமனான பயனைத் தரும் என்பது இதனாற் புலப்படும்.

ஆலையின் பருமனும் வேலை நாள்களும்

மணிக்கு ஒரு தொன் குற்றும் ஆலை, நாளுக்கு எட்டு மணி நேரமாக 150 நாள்கள் ஓடினால் 1,200 தொன்னை முடித்துவிடும். 250 நாள்கள் ஓடினால் 2,000 தொன் முடியும். இதற்குப் பதிலாக மணிக்கு நான்கு தொன் குற்றும் ஆலையை நிறுவினால், அதே 1,200 தொன் 38 நாள்களில் முடிந்துவிடும். எஞ்சிய நாள்களில் ஆலை பூட்டிக் கிடக்கும். வட்டியும் சம்பளமும் பூட்டிக் கிடவா.

1,200 தொன் நெல்லுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? ஏக்கருக்கு 1,600 கிலோ, அஃதாவது 76 புசல் அளவில் விளைவதாகக் கொண்டால், 750 ஏக்கரின் விளைச்சல் அது. ஆயின் விளைந்தது முழுவதும் சங்கத்துக்கு வருவதில்லை. கமக்காரர் உணவுக்கும் விதைக்கும் ஒரு பங்கை வைத்துக்கொள்வர். உரத்துக்கும் உழவுக்கும் முற்பணம் தந்த வியாபாரிக்கு ஒரு பங்கு போகும். மூன்றிலொரு பங்கே சங்கத்தை வந்தடையுமாயின், 2,250 ஏக்கர் வயல் ஆலையின் சுற்றுவட்டத்தில் இருத்தல் வேண்டும். சிறுபோகத்திற் குளத்து நீரின் அளவுக்கேற்பவே காணி பங்கிடப்படுவதால், பெரும்போகத்தை வைத்து மாத்திரம் கணக்கிட்டு அதனை இரண்டாற் பெருக்குதல் பெருந்தவறாகும்.

ஆகவே, ஆலையைப் பெரிதாக்கும் முன்னர், இருக்கும் ஆலை ஆண்டில் எத்தனை நாள் ஓடுகின்றது என்று பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும். 200 நாள்களுக்குக் குறைவாக ஓடும் ஆலைக்கு வேண்டியது பெரிய பொறி அன்று, நெல்லே.

நெல்லைக் கையில் வைத்திருத்தல்

அறுவடையில் வரும் நெல்லைக் களஞ்சியத்தில் இட்டு ஆறு மாதம் சிறிதுசிறிதாகக் குற்றினாலன்றி ஆலை ஆண்டு முழுவதும் ஓடாது. இரு போகத்திலும் 600 தொன் வீதம் வாங்குவதாயின், ஒவ்வொரு முறையும் 7 கோடியே 20 இலட்சம் ரூபா வேண்டும். அந்நெல்லைச் சமமாகக் குற்றி வந்தால், ஆண்டு முழுவதும் சராசரியாக 300 தொன் களஞ்சியத்தில் இருக்கும். அதன் பெறுமதி 3 கோடியே 60 இலட்சம் ரூபா. நூற்றுக்கு 12 வட்டியாயின் ஆண்டுக்கு 43 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. மேலே தொன்னுக்கு 3,600 ரூபா என எழுதப்பட்ட வட்டி இதுவே. சிறுபோகம் தவறினால் பெரும்போக நெல்லை இன்னும் நீண்ட காலம் வைத்திருக்க வேண்டும், வட்டியும் உயரும்.

பொறிக்குக் கடன் தரும் நிறுவனங்கள் நெல் வாங்குவதற்கும் கடன் தரும் என்று எண்ணிவிடலாகாது. அதனை முன்னரே எழுத்திற் பெறுதல் வேண்டும். களஞ்சியத்தில் வைத்த நெல்லைப் பொறுப்பாகக் கொண்டு வங்கிக் கடன் பெறும் முறை இலங்கையில் உண்டு. மற்றொரு வழி, அங்கத்தவரின் நெல்லைக் களஞ்சியத்தில் ஏற்று, விலையின் ஒரு பகுதியை அன்றே கொடுத்து, எஞ்சியதை அரிசி விற்றபின் கொடுத்தலாம். உழவுக்கூலியும் அடகு வைத்த நகையும் கமக்காரரை நெருக்கும் காலம் அறுவடைக் காலமே. ஆதலால், முற்பணம் அக்கடன்களைத் தீர்ப்பதற்குப் போதியதாயிருந்தாலன்றி அவர் காத்திருக்கமாட்டார். அங்கத்தவர் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் சங்கத்தின் வட்டியைக் குறைக்கின்றது. விலையேற்றத்தின் பயனை அங்கத்தவருக்கே சேர்க்கின்றது.

களஞ்சியமும் சிறிதன்று. 600 தொன் நெல், 60 கிலோ சாக்குகளில் 10,000 மூடைகளாகும். தரையில் மரச் சட்டங்களிட்டு, சுவரிலிருந்து விலக்கி, காற்றோட்டமும் நடமாட்ட வழியும் விட்டு அடுக்குதற்கு வேண்டிய இடத்தை அளந்து பார்த்தல் வேண்டும். எலியும் அந்துப்பூச்சியும் புகாத கட்டடம் இல்லாவிடில், காத்திருந்து பெறும் விலையேற்றம் அவற்றிற்கே உணவாகும்.

விற்பனையை முன்னரே நிச்சயித்தல்

பெரிய ஆலைகள் நிறம் பிரிக்கும் பொறியினால் ஒரே நிறமான அரிசியைப் பொதி செய்து நாடெங்கும் விற்கின்றன. அவற்றோடு அதே அரிசியில், அதே விலையிற் போட்டியிடுதல் பிரதேச ஆலைக்கு எளிதன்று. மேலும், அரசாங்கம் அரிசிக்கு உச்ச சில்லறை விலை விதிக்கும் காலங்கள் உண்டு. 2024 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் நாட்டரிசி கிலோவுக்கு 230 ரூபா என விதிக்கப்பட்டது. அவ்விலையிற் கடைக்காரரின் பங்கு நீங்கியதே ஆலைக்கு வரும். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்ததுபோல மின்கட்டணம் உயரும்பொழுது, அவ்வுயர்வை அரிசி விலையிற் சேர்க்க முடியாமற் போகலாம்.

பிரதேச ஆலையின் பலம் வேறிடத்தில் உள்ளது. சுற்றிலும் உள்ள மக்கள் விரும்பும் அரிசி எது என்பதை அது அறியும். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு நெல்லினங்களுக்கு யாழ்ப்பாணத்தில் விருப்பம் உண்டு. தவிடு முற்றாக நீங்காத சிவப்புப் புழுங்கலரிசியும், புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஏற்ற வறுத்த அரிசி மாவும் தூரத்து ஆலைகளின் முதற் கவனம் அல்ல. மாவை அரைப்பதனால், விலை குறைந்த குறுணலும் நல்ல விலை பெறுகின்றது. நெல் குறைந்த மாதங்களிற் குரக்கன், சோளம் ஆகியவற்றை அரைத்தும், உழுந்து, பயறு ஆகியவற்றை உடைத்தும் ஆளையும் கட்டடத்தையும் வேலையில் வைத்திருக்கலாம். கூலிக்கு நெல் குற்றிக் கொடுப்பதும் இழிவானதன்று. அதற்கு நெல் வாங்கும் பணமும் வட்டியும் வேண்டா. தொடக்க ஆண்டுகளில் ஆலையின் ஒரு பகுதி நேரத்தை அதற்கு ஒதுக்குதல் விவேகமானது.

உமியும் தவிடும்

தொன்னுக்கு 200 கிலோ வீதம் கிடைக்கும் உமியைக் குவித்துக் கொளுத்துவது பணத்தைக் கொளுத்துவதாகும். ஏறக்குறைய மூன்று கிலோ உமி ஒரு கிலோ எரியெண்ணெயின் வெப்பத்தைத் தரும். அவித்தலுக்கு வேண்டிய நீராவியையும், மழைக்காலத்தில் உலர்த்தியின் சூட்டையும் ஆலையின் சொந்த உமியிலிருந்தே பெறலாம். விறகு வாங்க வேண்டா. மேற்காட்டிய கணக்கில் எரிபொருட் செலவு எழுதப்படாமைக்குக் காரணம் இதுவே.

தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை எண்ணெய் உண்டு. பச்சையரிசித் தவிடு குற்றிய சில நாள்களிலேயே காறல் ஏறிக் கெடும். அவித்த நெல்லின் தவிடு அத்துணை விரைவிற் கெடுவதில்லை. எனினும், அதனையும் ஈரம்படாமல் வைத்து, பால்மாடும் கோழியும் வளர்ப்போருக்குக் கிழமைதோறும் விற்றுவிடுதல் நலம். மேற்காட்டிய கணக்கிலே தவிட்டின் வரவு 4,800 ரூபா, மிச்சமாகிய 10,000 ரூபாவில் ஏறக்குறையப் பாதியாகும். உமி கலந்த தவிட்டுக்கு இவ்விலை கிடையாது.

விரிவாக்கத்தின் ஒழுங்கு

மேற்கூறியவற்றால், விரிவாக்கத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பது தெளிவு.

1. முதலில் ஈரமானியும், தூற்றும் பொறியும், சீமெந்துக் களமும் அமைத்தல். இவற்றால் ஆலை இல்லாத சங்கமும் உலர்ந்த நெல்லை நல்ல விலைக்கு விற்கலாம்.
2. அடுத்துக் களஞ்சியமும், நெல் வாங்கும் பணத்துக்கான கடன் ஒழுங்கும். இரண்டு போகமேனும் இவற்றை நடத்திப் பழகுதல் வேண்டும்.
3. மூன்றாவதாக, பழைய பொறியை நீக்கி றப்பர் உருளைப் பொறியும், கல் நீக்கும் பொறியும், வெந்நீர் அவித்தல் முறையும் அமைத்தல்.
4. இருக்கும் ஆலை ஆண்டில் 200 நாள்களுக்கு மேல் ஓடி, மேலும் நெல் காத்திருக்கும் நிலை வந்தபின்னரே பருமனைப் பெருக்குதல். அப்பொழுதும் முதலில் இரண்டாம் முறை வேலையாட்களை அமர்த்தி ஆலையை நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓட்டிப் பார்த்தல்.

இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிப் பொறியை முதலிலும் களஞ்சியத்தைக் கடைசியிலும் அமைப்போர், பங்குனியில் நெல்லை வைக்க இடமின்றியும் புரட்டாதியிற் குற்ற நெல்லின்றியும் இடர்ப்படுவர்.

பொதுக்கூட்டத்திற் கேட்கவேண்டிய வினாக்கள்

விரிவாக்கத் தீர்மானம் கூட்டத்துக்கு வரும்பொழுது, ஒவ்வோர் அங்கத்தவரும் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

1. சென்ற மூன்று ஆண்டுகளிற் சங்கத்துக்கு உண்மையாக வந்த நெல் எத்தனை தொன்?
2. நூறு கிலோ நெல்லுக்கு இப்பொழுது கிடைக்கும் முழு அரிசி எத்தனை கிலோ? அதனை எழுதிவைக்கும் பதிவேடு உண்டா?
3. நட்டமின்றி நிற்பதற்கு ஆண்டுக்கு எத்தனை தொன் குற்றவேண்டும்? அது முதலாம் வினாவின் விடையிலும் குறைந்ததா?
4. நெல் வாங்கும் பணம் எங்கிருந்து, எவ்வட்டிக்கு வரும்?
5. ஒரு சிறுபோகம் முற்றாகத் தவறினால், கடன் தவணையை எதனாற் செலுத்துவது?
6. முதல் 100 தொன் அரிசியை வாங்க உடன்பட்டோர் யாவர்?

ஆறு வினாக்களுக்கும் எண்ணோடு கூடிய விடை கிடைக்குமாயின், துணிந்து முன்செல்லலாம். ஒன்றுக்கேனும் விடையில்லையேல், அவ்விடையைத் தேடும்வரை ஒரு போகம் பொறுத்தலே நன்று. ஒரு போகம் பொறுப்பதனால் இழப்பது சிறிது. விடையின்றிப் பெற்ற கடனாலோ இழப்பது பல ஆண்டுகளின் உழைப்பு.

நெல்லைப் பதனிடும் முறைகள் பற்றியும் பொறிகளின் தெரிவு பற்றியும் அநுராதபுரத்தில் உள்ள அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவத்துக்கான தேசிய நிறுவகத்தில் ஆலோசனை பெறலாம். மேற்காட்டிய கணக்கைத் தத்தம் பகுதியின் விலைகளுக்கேற்ப எழுதிப் பார்க்க விரும்பும் சங்கங்கள், தம் கொள்வனவுப் பதிவேட்டையும் குற்றற் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காண்க.